வண்ணாரப்பேட்டையிலிருந்து நந்தனத்துக்கு ஒரு கோல்ஃப் நாள்

கேள்வி இதுதான். வண்ணாரப்பேட்டைப் பக்கம் மாலை நேர எம்.பி.ஏ. படிக்கும் மாணவர் குழு ஒன்று, ஸ்பான்சர்களையும் பழைய மாணவர்களையும் கூட்டி ஜாலியாக ஒரு கோல்ஃப் நாள் நடத்தப் பார்க்கிறது. ஸ்பான்சர்கள் பெரும்பாலும் துறைமுகத்து ஆட்கள், கப்பல் ஏஜென்சி, கண்டெய்னர் யார்டு, சுங்க கிளியரிங் வேலை செய்பவர்கள். மாணவர்களில் ஒருவர்கூட கோல்ஃப் மட்டையைத் தொட்டதில்லை. "அசிங்கப்படாமல் நடத்த முடியுமா, எங்கிருந்து தொடங்குவது?"

முடியும். நான் இரண்டு தடவை நடத்தியிருக்கிறேன், முதல் தடவை நன்றாகவே அசிங்கப்பட்டேன், அதனால் தைரியமாகச் சொல்கிறேன்.

முதல் தடவை செய்த தப்பு என்னவென்றால், டிவியில் பார்க்கிற மாதிரியே 18 குழி, ஆளுக்கு ஒரு பந்து, எல்லா அடியையும் எண்ணிக் கூட்டு, கம்மியாக அடித்தவன் ஜெயித்தான் என்று வைத்தோம். அதுவும் மே மாதம். எங்கள் வகுப்புப் பையன் ஒருவன் ஒரே குழியில் 19 அடி அடித்தான், பின்னால் நின்ற அணிகள் வெயிலில் பொரிந்தார்கள், பணம் போட்ட ஒரு நிறுவனத்து மேலாளர் பத்தாவது குழியோடு "ஒரு கால் வருது" என்று போனைக் காதில் வைத்துக்கொண்டே காருக்குப் போனவர் திரும்ப வரவே இல்லை. மதியச் சாப்பாடு ஆறிப்போனது. பரிசளிப்புக்கு மேடையில் இருந்தவர்களைவிடக் கீழே இருந்தவர்கள் குறைவு.

ஆட்டம் தெரியாதவன் அடிக்கிற மோசமான அடி யாரையும் பாதிக்கக்கூடாது, அந்த ஏற்பாட்டை மட்டும் முதலில் செய்துவிட்டால் மீதி எல்லாம் தானாக நடக்கும். அதற்கு கோல்ஃபிலேயே வழி இருக்கிறது, பெயர் ஸ்கிராம்பிள். நான்கு பேர் ஒரு அணி. நான்கு பேரும் அடிக்க வேண்டியது, எந்தப் பந்து நல்ல இடத்தில் கிடக்கிறதோ அதைத் தேர்ந்தெடுத்து மற்ற மூன்றையும் கையில் பொறுக்கிக்கொள்ள வேண்டியது, அந்த இடத்திலிருந்து மறுபடி நான்கு பேரும் அடிக்க வேண்டியது, பந்து குழியில் விழும்வரை இப்படியே. மூன்று பேர் புதருக்குள் அடித்தாலும் நான்காவது ஆள் காப்பாற்றிவிடுவார். இதில் ஒரு நிபந்தனை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்: ஒன்பது குழிக்குள் அணியில் ஒவ்வொருவருடைய முதல் அடியும் ஒரு தடவையாவது பயன்பட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் நன்றாக ஆடுகிற ஒரு ஆள் மட்டும் ஆடுவார், மற்ற மூவரும் கல்யாண வீட்டு வீடியோவில் பின்னால் நிற்கிறவர்கள் மாதிரி ஆகிவிடுவார்கள். இந்த நிபந்தனை இருந்தால், இதுவரை மட்டை பிடிக்காத பெண்ணின் ஒரு அடி எப்படியோ நேராகப் போய் நூறு கஜத்தில் விழும்போது அணியே கத்தும் பாருங்கள், அந்தச் சத்தத்துக்குத்தான் ஸ்பான்சர் அடுத்த வருஷமும் பணம் கொடுக்கிறார்.

18 குழி வேண்டவே வேண்டாம், 9 போதும். பழகியவர்கள் நான்கு பேர் சேர்ந்தாலே 18 குழிக்கு நாலரை மணி நேரம் ஆகும், நம் ஆட்களோடு போனால் பொழுது சாய்ந்துவிடும்.

அப்புறம், எல்லோரும் முதல் குழியிலிருந்தே வரிசையாகக் கிளம்பினால் கடைசி அணி இரண்டு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருக்கும். அதற்காக அணிக்கொரு குழியில் நின்று ஒரே நேரத்தில் ஆரம்பிப்பார்கள், ஷாட்கன் ஸ்டார்ட் என்று பெயர். 1956-இல் அமெரிக்காவில் வாலா வாலா என்ற ஊரில் நிஜமாகவே துப்பாக்கியால் சுட்டு ஆட்டத்தைத் தொடங்கினார்கள், பெயர் அப்படியே நின்றுவிட்டது. நாம் விசில் ஊதிக்கொள்வோம், வடசென்னைக்காரன் துப்பாக்கி எடுத்தான் என்றால் யாரும் கோல்ஃபுக்கு என்று நம்பமாட்டார்கள். ஒன்பது குழியில் குழிக்கு ஒரு அணி என்றால் 36 பேர், குழிக்கு இரண்டு அணி நிறுத்தினால் 72 பேர். முதல் வருஷத்துக்கு 36-ஐத் தாண்டாதீர்கள்.

சரி, இடம். நம் பக்கம் மைதானம் கிடையாது என்பது உங்களுக்கே தெரியும். எண்ணூரில் தொடங்கி பாரிமுனை வரை ஃபுட்பால் கிரவுண்டு உண்டு, பாக்ஸிங் ரிங் உண்டு, தெருவுக்குத் தெரு கேரம் போர்டு உண்டு, கோல்ஃப் குழி ஒன்று கிடையாது. நகரத்துக்குள் ஆட்டம் என்றால் கிண்டியும் நந்தனமும்தான். கிண்டியில் கோல்ஃப் ஆடுவது குதிரைப் பந்தயத் திடலுக்குள், அந்தத் திடலை 2024 செப்டம்பரில் அரசு திரும்ப எடுத்ததிலிருந்து அந்தப் பக்கம் வழக்கு விவகாரம் என்று ஓடியது, ஆகவே நந்தனத்தில் இருக்கும் 18 குழி மைதானத்தை முதலில் கேளுங்கள். நமக்கு ஒரு வசதி, மெட்ரோ. விம்கோ நகரிலிருந்து வருகிற நீல வழித்தடம் திருவொற்றியூர், தண்டையார்பேட்டை, வண்ணாரப்பேட்டை, மண்ணடி என்று நம் ஊரையெல்லாம் தொட்டுக்கொண்டு சென்ட்ரல் வழியாக நேரே நந்தனத்தில் கொண்டுபோய் நிறுத்தும். வண்டி மாற வேண்டாம், பஸ் வாடகை மிச்சம். மட்டைகளை அங்கேயே வாடகைக்குக் கேட்டுக்கொள்ளுங்கள். விதிப்படி ஒரு ஆள் 14 மட்டைவரை வைத்துக்கொள்ளலாம், ஸ்கிராம்பிளில் ஒரு அணிக்கே ஏழெட்டு மட்டை இருந்தால் தாராளம்.

பொதுவாக இந்த மாதிரி கிளப்களில் உறுப்பினர் ஒருவர் முன்னால் நின்றால்தான் வெளியாட்களுக்கு நாள் ஒதுக்குவார்கள். உங்கள் ஸ்பான்சர்களில் நிச்சயம் ஒருவராவது இருப்பார், கப்பல் தொழிலில் கோல்ஃப் ஆடாத பெரிய மனிதரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அவரிடம் பணம் கேட்பதற்கு முன்னால் இந்த உதவியைக் கேளுங்கள். உதவி செய்தவர் பணமும் தருவார், வெறும் பணம் தந்தவர் நிகழ்ச்சிக்கு வருவார் என்று சொல்ல முடியாது. வார நாளில் கேட்டால் கட்டணம் குறைய வாய்ப்பு உண்டு, சனி ஞாயிறு உறுப்பினர்களே நிரம்பியிருப்பார்கள். மாதம் ஜனவரி அல்லது பிப்ரவரி. அக்டோபர், நவம்பரில் வைத்துவிட்டு வானிலை அறிக்கையைப் பார்த்துக்கொண்டு தூங்காமல் கிடக்காதீர்கள். காலை ஏழு மணிக்கு விசில் ஊதினால் பத்துக்குள் முடித்து நிழலுக்கு வந்துவிடலாம்.

உடை விஷயத்தில் பயம் வேண்டாம். காலர் வைத்த டி-ஷர்ட், ஜீன்ஸ் இல்லாத பேன்ட், சாதாரண ஸ்போர்ட்ஸ் ஷூ. வட்டக் கழுத்து பனியனும் செருப்பும் மட்டும் கூடாது. இதற்காக யாரும் புதுத் துணி வாங்க வேண்டாம், ஒரு ஸ்பான்சர் பிடித்து எல்லோருக்கும் ஒரே நிறத்தில் காலர் டி-ஷர்ட் அடித்துவிடுங்கள், யார் வீட்டில் காசு இருக்கிறது யார் வீட்டில் இல்லை என்பதே அன்றைக்குத் தெரியாது. நான் நடத்தியதில் எனக்கே பிடித்த ஏற்பாடு அதுதான்.

இனி பயிற்சி, இதைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும். மைதானத்துக்குப் போகும் அன்றுதான் முதல் முதலாக மட்டையைப் பிடிப்பது என்று வைத்துக்கொள்ளாதீர்கள். ஒரு மாதம் முன்னாலிருந்தே ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏதாவது ஒரு பள்ளி மைதானத்தில் இரண்டு மணி நேரம் கேளுங்கள், தண்டையார்பேட்டையில் எங்களுக்கு ஒரு தலைமையாசிரியர் சந்தோஷமாகக் கொடுத்தார், பிள்ளைகளும் ஆடலாம் என்ற ஒரே நிபந்தனையோடு. கோல்ஃப் குழியின் குறுக்களவு 108 மில்லிமீட்டர். ஹார்டுவேர் கடையில் நாலு அங்குல பிவிசி குழாய் என்று கேட்டால் தருவது கிட்டத்தட்ட அதே அளவு. அரை அடி நீளத் துண்டுகளாக அறுத்து மண்ணில் புதைத்தால் ஒன்பது குழி தயார், மொத்தச் செலவு ஒரு பிரியாணிக் கணக்குதான். கொடிக்குக் குச்சியில் பழைய துப்பட்டா. மண் தரையில் உருட்டிப் பழகியவனுக்கு அங்கே புல்தரை முதலில் மந்தமாகத் தெரியும், ஐந்து நிமிஷத்தில் கை பழகிவிடும்.

பயிற்சி மைதானத்தில் நிஜப் பந்தை உருட்ட மட்டும் விடுங்கள், தூக்கி அடிக்கவே கூடாது. 46 கிராம்கூட வராத சின்னப் பந்துதான், ஆனால் கல் மாதிரி இருக்கும், நம் பக்கம் மதில் சுவரை ஒட்டியே வீடு, வீட்டை ஒட்டியே இன்னொரு வீடு. தூக்கி அடித்துப் பழகுவதற்கு ஸ்பான்ஞ்சுப் பந்தோ ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பந்தோ வாங்கிக்கொள்ளுங்கள், கீழே ஒரு தேங்காய் நார் மிதியடி போட்டு அதன்மேல் பந்தை வைத்து அடிக்கச் சொல்லுங்கள், மட்டையும் தப்பிக்கும், மணிக்கட்டும் தப்பிக்கும்.

இங்கே நம் ஆட்களுக்கு ஒரு பெரிய பலம் இருக்கிறது, அவர்களுக்கே தெரியாது. கேரம். கேரம் காயின் அகலம் சுமார் 31 மில்லிமீட்டர், பாக்கெட் 44-ஐக் கொஞ்சம் தாண்டும், அதாவது காயைவிடக் குழி ஒன்றரை மடங்குகூட இல்லை. கோல்ஃப் பந்து 43 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, குழி 108, இரண்டரை மடங்கு! ரெட்டும் ஃபாலோவும் போட்டுப் பழகிய விரலுக்கு எட்டு அடி தூரத்தில் இருக்கும் இந்தக் குழி கிணறு மாதிரி தெரிய வேண்டும். கேரமில் முன்னாள் உலக சாம்பியன் மரிய இருதயம் சென்னைக்காரர், 2024-இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கிய காசிமா நம் வண்ணாரப்பேட்டைப் பெண். கோணம் பார்ப்பது, வேகத்தை அடக்குவது, அடிப்பதற்கு முன் ஒரு வினாடி மூச்சைப் பிடிப்பது, உருட்டுவதற்கு வேண்டிய எல்லாமே அங்கே பழகியதுதான். எங்கள் அணியில் கேரம் ஆடுகிற ஒரு பையன் உருட்டுகிற வேலையை மொத்தமாக எடுத்துக்கொண்டான், பத்து வருஷம் கோல்ஃப் ஆடிய ஸ்பான்சர் ஒருவர் அவனிடம் "எப்படிப்பா பார்க்கிறே?" என்று கேட்டதை என் கண்ணால் பார்த்தேன்.

கிரிக்கெட் ஆடுகிறவர்கள்தான் கொஞ்சம் திணறுவார்கள். கிரிக்கெட் மட்டையை வீசுகிற பழக்கத்தில் கோல்ஃப் மட்டையின் முகம் திறந்தபடி வந்து பந்தை உரசும், வலது கைக்காரனுக்குப் பந்து வலப்பக்கமாக வளைந்து அடுத்த ஆட்டக்காரர்களின் தலைக்குப் போகும். இவர்களிடம் மூன்றே விஷயம் சொல்லுங்கள்: பிடியை இறுக்காதே, தலையைத் தூக்கிப் பந்து எங்கே போகிறது என்று பார்க்காதே, பாதி வீச்சு போதும். ஏழாம் எண் மட்டை (7 அயர்ன்) ஒன்றை மட்டும் கையில் கொடுங்கள். சந்து கிரிக்கெட்டில் பந்து வீட்டுக்குள் போனால் அவுட் என்று ஆடினோமே, அந்த அடக்கத்தை ஞாபகப்படுத்தினால் டக்கென்று பிடித்துக்கொள்வார்கள்.

வார்த்தைகளையும் அப்போதே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் அங்கே போய்ச் சிரிப்பை அடக்க முடியாது. உருட்டுகிற மட்டைக்குப் பெயர் பட்டர். "பட்டர் எங்கே?" என்று ஸ்பான்சர் கேட்டதற்கு எங்கள் பையன் டிபன் மேஜைக்கு ஓடினான். பையைச் சுமந்து கூட வருபவர் கேடி. பட்ஜெட் தாளில் "கேடிகளுக்கு" என்று ஒரு தொகை எழுதியிருந்ததைப் பார்த்து எங்கள் பேராசிரியர் அந்தத் தாளை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார். வடசென்னை என்றாலே கேடி என்று சினிமாக்காரர்கள் கட்டிவிட்ட கதை அவர் மனதிலும் இருந்திருக்கிறது. சின்ன வயதில் குழிக்குள் கோலி தள்ளியவன் எவனும் இந்த ஆட்டத்தைப் புதிது என்று சொல்ல முடியாது, அதையும் சொல்லி வையுங்கள்.

கேடி என்று சொன்னேனே, அவர்கள் விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது. அணிக்கு ஒருவராவது வையுங்கள், ஒன்பது குழிதானே என்று பாதிக் கூலி பேசாதீர்கள், கையில் கொடுக்க வேண்டியதைத் தனி உறையில் போட்டு அன்றே கொடுங்கள், சாப்பாட்டிலும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த மைதானத்தில் எந்தப் புல் எந்தப் பக்கம் சாய்கிறது என்று அவர்களைவிடத் தெரிந்தவர் யாரும் இல்லை, அன்றைக்கு உங்கள் பிள்ளைகளுக்கு வாத்தியாரே அவர்கள்தான். "அண்ணே, இதை எங்கே அடிக்கட்டும்?" என்று கேட்கச் சொல்லுங்கள், சும்மா பையை மட்டும் கொடுக்கிறவன் தோற்பான்.

ஒழுங்கு முறைகளில் நாலைந்து போதும். அடிக்கிறவனுக்கு முன்னால் யாரும் நிற்கக்கூடாது. பந்து யார் பக்கமாவது போனால் வெட்கப்படாமல் "ஃபோர்" என்று தொண்டை கிழியக் கத்த வேண்டும், இதில் நம் ஆட்களுக்குப் பயிற்சியே தேவையில்லை. பெயர்ந்த புல்லை எடுத்து அதே இடத்தில் வைத்து மிதிக்க வேண்டும். மணல் பள்ளத்தில் இறங்கினால் வெளியே வரும்போது வாரிவிட்டு வர வேண்டும். குழியைச் சுற்றியிருக்கும் மெத்தைப் புல்லில் வண்டி ஏற்றவோ ஓடவோ கூடாது.

பணம் சேர்க்கிற விளையாட்டுகளைப் பற்றி. மைதானத்தில் குழிக்கு ஒரு ஸ்பான்சர் பலகை என்பது எல்லோரும் செய்வது, செய்யுங்கள், ஆனால் பலகையைப் பார்த்து யாரும் எந்த நிறுவனத்தையும் ஞாபகம் வைத்ததில்லை. கயிறு விற்பதைத்தான் நான் சிபாரிசு செய்வேன். ஆரம்பிப்பதற்கு முன் ஒவ்வொரு அணியும் காசு கொடுத்துக் கயிறு வாங்கிக்கொள்ளலாம், நாங்கள் பூக்காரம்மா மாதிரி முழங்கையை மடக்கி முழக்கணக்கில் அளந்து கொடுத்தோம், அணிக்கு அதிகபட்சம் மூன்று முழம். பந்து குழிக்கு ஒரு சாண் முன்னால் நின்றுவிட்டதா, கயிற்றில் ஒரு சாண் வெட்டிப் போட்டுவிட்டு விழுந்ததாகக் கணக்கு வைத்துக்கொள்ளலாம். வெட்டிய கயிறு போனது போனதுதான். ஒரு கன்டெய்னர் யார்டு முதலாளி நாலு விரல்கடை கயிற்றுக்காக எங்கள் வகுப்புப் பெண்ணோடு பேரம் பேசி, "என் முழம் பெருசும்மா, நான்தான் அளப்பேன்" என்று சண்டை போட்டது இன்றும் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஓடுகிறது. அந்தக் காசைப் பயிற்சிக்கு இடம் கொடுத்த பள்ளிக்குக் கொடுத்தோம்.

ஒரே அடியில் குழியில் போட்டால் கார் பரிசு என்று யாராவது ஆசை காட்டுவார்கள். சாதாரண ஆட்டக்காரருக்கு அது நடக்க 12,500-க்கு ஒரு வாய்ப்பு என்று பொதுவாகச் சொல்வார்கள், நடக்காது என்று நம்பி அறிவித்துவிட்டு நடந்துவிட்டால் மாணவர் குழு எங்கே போகும்? இதற்கென்றே இன்சூரன்ஸ் உண்டு, அதன் ஆவணம் கைக்கு வராமல் காரின் படத்தைக்கூட நோட்டீஸில் போடாதீர்கள். அதேபோல ஜெயித்தவருக்கு ரொக்கம் தராதீர்கள். ஸ்பான்சர்களில் முறையாக ஹேண்டிகேப் (ஆட்டத் திறமைக்கேற்ப அடிக்கணக்கில் தரும் சலுகை) வைத்து அமெச்சூராக ஆடுகிறவர்கள் இருப்பார்கள், ஹேண்டிகேப் கணக்கில் நடக்கிற போட்டியில் அவர்கள் பணப் பரிசு வாங்க அமெச்சூர் விதி இடம் தருவதில்லை. பொருளாகக் கொடுத்தால் வம்பே இல்லை.

அணி பிரிப்பதை மட்டும் சீட்டுக் குலுக்கி விட்டுவிடாதீர்கள். இரண்டு மாணவர், ஒரு ஸ்பான்சர், ஒரு பழைய மாணவர், இதுதான் என் கணக்கு. மூன்று மணி நேரம் வெயிலில் கூடவே நடக்கிறார்கள், பந்தைத் தேடிப் புதரில் கை விடுகிறார்கள், ஒருவர் தண்ணீர் பாட்டிலை இன்னொருவர் குடிக்கிறார். ஏசி அறையில் பத்து நிமிஷ நேர்காணலில் வராத பேச்செல்லாம் அங்கே வரும். அதனால் பிள்ளைகளிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள்: மைதானத்தில் வேலை கேட்கக்கூடாது, பயோடேட்டாவை நீட்டக்கூடாது. அவர் தொழிலைப் பற்றிக் கேள்வி கேட்கலாம். எண்ணூர் சாலையில் கன்டெய்னர் லாரிகள் ஏன் இப்படி வரிசை கட்டி நிற்கின்றன என்று தினமும் அதற்குள் மாட்டிக்கொண்டு கல்லூரிக்கு வருகிறவன் கேட்டால், அந்தத் தொழில் செய்கிறவர் அரை மணி நேரம் பேசுவார். நம் பிள்ளைகளுக்கும் தென்சென்னைப் பிள்ளைகளுக்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான், இவன் வாசலில்தான் அவர் தொழிலே நடக்கிறது.

பரிசளிப்பை கிளப்பிலேயே முடித்துவிடாதீர்கள். வெளிச் சாப்பாடு பெரும்பாலும் உள்ளே விடமாட்டார்கள், அவர்கள் பஃபே தலைக்கு ஆகிற காசில் இங்கே இரண்டு பேர் சாப்பிடலாம். காலையில் அங்கே காபி, டிபனோடு நிறுத்திக்கொண்டு சாயங்காலம் வண்ணாரப்பேட்டையில் ஒரு சின்ன மண்டபம் பிடித்து, பீச் ஸ்டேஷன் பக்கத்து அத்தோ (பர்மா நூடுல்ஸ்) கடைக்காரர் ஒருவரை வண்டியோடு வரச்சொல்லுங்கள். முட்டை மசாலா ஒரு தட்டு, வாழைத்தண்டு சூப் ஒரு டம்ளர். எத்தனையோ வருஷமாக ராஜாஜி சாலையில் ஆபீஸ் வைத்திருந்தும் கார் கண்ணாடியை இறக்காமலே போய்வந்த ஒரு பெரியவர் அன்றைக்கு மூன்று தட்டு சாப்பிட்டார்.

பரிசுப் பட்டியலில் முதலிடத்துக்கு ஒரு கோப்பை, அதிக தூரம் அடித்தவருக்கு ஒன்று, கொடிக்கு மிக அருகில் போட்டவருக்கு ஒன்று. கடைசி இடத்துக்கு வந்த அணிக்கும் கட்டாயம் மேடையில் ஒன்று கொடுங்கள். நாங்கள் ஆளுக்கு ஒரு சுருக்குப்பை நிறைய கோலிக்குண்டு கொடுத்தோம். கோப்பை வாங்கிய நாலு பேரும் போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள், கோலி வாங்கிய நாலு பேரும், அதில் ஒருவர் ஷிப்பிங் கம்பெனி இயக்குநர், மண்டபத்து வாசலில் மண்ணில் குதிகாலால் குழி திருகி ஆட உட்கார்ந்துவிட்டார்கள், வாட்ச்மேன் வந்து விளக்கை அணைக்கும்வரை எழுந்திருக்கவில்லை.